கூடாரத்தில் பிரியாணி கிடைக்கும், சம்பளப் பாக்கி கிடைக்காது

மார்த்தாண்டத்துத் தம்பி கேட்டிருக்கிறாய்: கத்தாருக்கு ஏஜென்ட் ஒண்ணே கால் லட்சம் கேட்கிறார், அவ்வளவு பணக்கார நாட்டில் இல்லாதவனைக் கைவிட மாட்டாங்கதானே, வெயில் தாங்குமா என்று. வெயிலை விடு, பழகிப்போகும்.

இங்குள்ள பணக்காரர்கள் தர்மத்தில் குறை வைப்பதில்லை, மக்கா. ரமலான் மாசம் இஃப்தார் கூடாரத்தில் பிரியாணி, பேரீச்சம்பழம், மோர். எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்பதில்லை. ஆனா மூணு மாசச் சம்பளப் பாக்கியை அங்கே கேட்க முடியாது கேட்டியா. அதுக்குக் காகிதம் வேணும்.

ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண்ணை இ-மைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் பார். சட்டப்படி அவர் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது இல்லாமல் கொடுக்காதே. மிச்சத்தை வட்டிக்கு எடுத்தால் முதல் வருஷம் வட்டிக்கே உழைப்பாய்.

மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் கத்தார் விசா மையத்தில். நமக்குச் சென்னையைவிடக் கொச்சி பக்கம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்ற வரியை மட்டும் ரெண்டு தடவை படி. 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. கம்பெனி தராவிட்டால் ரூமுக்கு 500, சாப்பாட்டுக்கு 300 தனி. ஏஜென்ட் "1,800 சம்பளம்" என்றால் மூணையும் கூட்டிச் சொல்கிறாரா என்று கேள். ஓவர்டைமும் கடைசியில் கையில் வரும் பணிக்கொடையும் அடிப்படையை வைத்துத்தான் கணக்கு. தொகை மாறியிருந்தால் கையெழுத்துப் போடாதே. இங்கே வந்தபின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பதும் குற்றம், 25,000 ரியால் வரை அபராதம்.

இங்கே இருக்கிற நம்மூர்ப் பெரிய மனுசங்களை நம்பி வராதே. சங்க விழாவில் பத்துப் போர்வைக்குப் பதினைந்து பேர் போட்டோவில் நிற்பார்கள். சம்பளப் பாக்கி என்று வாயைத் திறந்தால் "கம்பெனி விஷயம்" என்று நழுவிவிடுவார்கள்.

ஊரில் மட்டும் என்ன வாழுது? 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் கேட்டது காணாமல் போனவங்களைக் கடலில் தேடக் கப்பல். அதுக்குக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. தலைவர்கள் பிறகு வந்தார்கள், செத்தவங்க குடும்பத்துக்கு 20 லட்சமும் வந்தது. செத்தவனுக்குத் தருவதில் நம்ம ஆட்கள் தாராளம்.

பத்தாவது பாஸாகாமல் உன் பாஸ்போர்ட் இ.சி.ஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படும் வகை) என்றால் பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய். விபத்தில் போனால் 10 லட்சம். பாலிசி நகலை அம்மாகிட்ட கொடுத்துட்டு விமானம் ஏறு.