வல்லூறா, அக்காக்குயிலா? உங்கள் பறவைப் படங்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, திருச்சியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஏப்ரல் மாதம் எடுத்த படம். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புப் பட்டைகள், மஞ்சள் கண். வல்லூறுதானே?

பதில்: முதல் பார்வைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. படத்தைப் பெரிதாக்கி அலகைப் பார்த்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். வல்லூறின் அலகு குட்டையாக, நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். இரையைக் கிழித்துத் தின்ன அது வேண்டும். உங்கள் பறவைக்கு அலகு மெலிதாக, ஏறக்குறைய நேராக இருக்கிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் வேறு. இது அக்காக்குயில்.

காலும் படத்தில் தெரிகிறது, நல்லவேளை. குயில் இனத்துக்கு இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. வல்லூறுக்கு முன்னே மூன்று, பின்னே ஒன்று. மற்றபடி நிறம், உருவம், பறக்கும் விதம், வந்து அமரும் விதம் எல்லாமே வல்லூறின் அச்சு. சின்னக் குருவிகள்கூட ஏமாந்துபோய் அலறும். இது தனக்கென்று கூடு கட்டாது, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிடும். ஒரே கூவலைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் குரலை உயர்த்திக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தும் பறவையை அந்த மரத்தில் கேட்டீர்களா? கோடையில் ராத்திரியிலும் விடாமல் கூப்பிடும். கேட்டிருந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் எடுத்தேன். கொக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் முதுகு கருஞ்சிவப்பு, தலையில் நீளமாக வெள்ளை இறகுகள். வெளிநாட்டுப் பறவையா அண்ணா?

பதில்: இல்லை தம்பி, நம்ம மடையான்தான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். மற்ற நாளில் மண் நிறத்தில் வரப்போரம் அசையாமல் நிற்கும், பறக்கும்போது மட்டும் சிறகு வெள்ளையாகப் பளிச்சிடும். இனப்பெருக்கக் காலத்தில் இந்தக் கோலத்துக்கு மாறிவிடும். தினமும் பார்க்கும் பறவையே புதுப்பறவையாகத் தெரிவது இதனால்தான். படம் அனுப்பும்போது மாதத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: சென்னையில் அக்டோபர் கடைசியில், காலையில் எங்கள் பால்கனிக் கண்ணாடியில் மோதி விழுந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை. வால் இருப்பதே தெரியவில்லை. யாராவது வளர்த்து, தப்பித்து வந்த பறவையா? என்ன செய்வது?

பதில்: வளர்ப்புப் பறவை இல்லை. ஆறுமணிக்குருவி. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். இலங்கை வரைக்கும் போகும். இரவில் பயணம் செய்வதால், களைத்துப்போய் ஊருக்குள் இறங்கி இப்படி அடிபடுகிறது. உங்கள் படத்தைப் பார்த்து மனசு கனத்துவிட்டது.

காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், துணி விரித்து வையுங்கள். மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் ஓரிரண்டு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்ததும், பகலிலேயே, மரங்கள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ எழுந்து நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளக் கூடாது; 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை, சிவப்புக் கண். எங்கள் பப்பாளி மரத்துக்கு வருகிறது.

பதில்: பெண் குயில். ஆண்தான் கறுப்பு.

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். பறவை முழுக்கக் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, நிறம் போனாலும் வடிவம் இருக்கிறதே. வாலைப் பாருங்கள், நடுவில் உள்வாங்கி லேசாகப் பிளந்திருக்கிறது. அப்படியென்றால் கரும்பருந்து. கருடன் என்று கும்பிடுகிறோமே, அந்தச் செம்பருந்துக்கு வால் நுனி உருண்டையாக இருக்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப போன் தானாகச் சரிசெய்துகொள்வதால் பறவை இருண்டுவிடுகிறது. அடுத்த தடவை திரையில் பறவைமேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு எடுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும், வயிற்றுப்பக்கம் தெரியும்.