ஃபெடரல் காவலில் இருக்கும் தம்பியைப் பார்க்க என்ன வழி?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் தம்பி ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) வழக்கு ஒன்றில் கைதாகி, புரூக்ளின் எம்.டி.சி. தடுப்பு மையத்தில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். இந்தியக் குடிமகன். அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். இந்த வாரமே பார்க்க வேண்டும் என்று அம்மா அழுகிறார். நேரே போனால் விடுவார்களா?

பதில்: நேரே போக வேண்டாம். நம் ஊர்ச் சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பார்ப்பது போல இங்கே நடக்காது. அம்மாவை அத்தனை தூரம் கூட்டிப் போய், வாசலோடு திருப்பி அனுப்பினால் அவர் தாங்க மாட்டார்.

முதல் வேலை உங்கள் தம்பியுடையது. யார் யார் வரலாம் என்ற பட்டியலை அவர்தான் உள்ளே கொடுக்க வேண்டும். பார்வையாளர் படிவத்தை அவர் உங்களுக்குத் தபாலில் அனுப்புவார். நீங்கள் நிரப்பிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பின்னணியைச் சரிபார்த்த பிறகு, அனுமதி உண்டா இல்லையா என்பதை அவரிடம்தான் சொல்வார்கள். நீங்கள் அவருக்கு போன் செய்யவும் முடியாது, அவர்தான் கூப்பிட வேண்டும். அதனால் இன்றே வக்கீல் மூலம் தகவல் அனுப்புங்கள்: பெற்றோர் பெயரையும் உங்கள் பெயரையும் உடனே கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் நெருங்கிய குடும்பம் என்ற கணக்கில் வருவார்கள். நண்பர்கள் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் பெயர். வீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய பெயர் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துகளோ அதே எழுத்துகளைத்தான் படிவத்திலும் எழுத வேண்டும். போகும்போது அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். செல்லுபடியாகும் விசாவில் இருக்கும் பெற்றோர் போவதில் சிக்கல் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது விசா காலாவதியாகியிருந்தால், குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அந்த வாசலை மிதிக்கவே கூடாது.

எந்தப் பிரிவுக்கு எந்த நாள், எந்த நேரம் என்பது மையத்துக்கு மையம் மாறும். விதிப்படி மாதத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் சந்திப்பு உண்டு. தினமும் மாலை 4 மணிக்குக் கைதிகளைத் தலை எண்ணுவார்கள். அந்த நேரத்தில் யாரையும் இடம் மாற்ற மாட்டார்கள். உள்ளே ஏதாவது தகராறு என்றால் சந்திப்பையே ரத்து செய்துவிடுவார்கள். கிளம்பும் முன் காலையில் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். கையில்லாத மேல்சட்டை, மெல்லிய துணி, இடுப்புத் தெரிகிற உடை, காக்கி நிறம், ராணுவப் பச்சை எதுவும் வேண்டாம். அம்மாவுக்குப் புடவையை விட முழுக்கைச் சுடிதார் நல்லது. மெட்டல் டிடெக்டரைத் தாண்ட வேண்டும் என்பதால் வளையலை வீட்டிலேயே கழற்றி வைக்கட்டும். செல்போனைக் காரிலோ லாக்கரிலோ விட்டுவிடுங்கள். அதை உள்ளே கொண்டுபோவது ஃபெடரல் குற்றம். முறுக்கு, அதிரசம், மாத்திரை, கோயில் விபூதி எதையும் கையில் கொடுக்க முடியாது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வந்ததும் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை மகனைக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது சொல்லப்போவதை அப்பாவிடமும் அழுத்திச் சொல்லுங்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. "நீ அந்தப் பணத்தை வாங்கினியா?" என்று பெற்ற மனம் கேட்கத்தான் செய்யும். சந்திப்பு அறையில் காவலர்கள் இருப்பார்கள். போன் பேச்சு பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கும், கோர்ட்டிலும் காட்டும். சட்டப் பாதுகாப்பு உள்ள பேச்சு வக்கீலோடு பேசுவது மட்டும்தான். சாப்பாடு, தூக்கம், உடம்பு, ஊர்க்கதை பேசுங்கள். அவனுக்கும் அதுதான் தேவை.

தம்பியின் 8 இலக்கப் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் சிறைத் துறை இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் கிடைக்கும். கடிதம், பணம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். செலவுப் பணத்தை வெஸ்டர்ன் யூனியன் அல்லது மணிகிராம் வழியாக அனுப்பலாம்; கையில் கொடுக்க முடியாது. ஒருநாள் அந்த எண்ணைத் தேடும்போது மையத்தின் பெயர் காட்டாவிட்டால் பதற வேண்டாம். விசாரணைக் கைதிகளின் காவலுக்குப் பொறுப்பான ஃபெடரல் மார்ஷல்ஸ் துறை, அவர்களைக் கவுண்டி (மாவட்ட) ஜெயில்களிலும் வைப்பதுண்டு. எங்கே என்று வக்கீலைக் கேளுங்கள். அங்கே அந்த ஜெயிலின் விதிகள்தான் செல்லும். படிவம், பட்டியல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று. 1963 வியன்னா உடன்படிக்கைப்படி, தம்பி விரும்பினால் நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். தூதரக அதிகாரி அவரை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு. படிவம் வந்து சேரும்வரை காத்திருக்கும் நாட்களில் அந்தத் தூதரகச் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள்.