லடாக் போக 90,000 ரூபாய் லிஸ்ட்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: என்னிடம் பத்து வருடப் பழைய 350 சிசி புல்லட் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருதான். ஜூன் கடைசியில் நண்பர்களோடு மணாலி வழியாக லே போகத் திட்டம். மதுரையில் ஒரு கடையில் ஜாக்கெட், பூட்ஸ், அலுமினியப் பெட்டிகள், கூடுதல் லைட் என்று 90,000 ரூபாய்க்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர், "இந்த வண்டி மலை ஏறாது, புதுசு வாங்கு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– மண்டபம் வாசகர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். வண்டி தாராளமாக ஏறும். உங்கள் வழியில் வரும் டாங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்று குறைந்தது, காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குத் தெரியாது. பெட்ரோலை வழக்கம்போல ஊற்றும். கறுப்புப் புகை வரும், இழுவை குறையும், பிளக்கில் கரி பிடிக்கும். இன்ஜெக்‌ஷன் உள்ள புது வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும் என்றாலும் இழுவை அதற்கும் குறையத்தான் செய்யும். இதற்காகப் புது வண்டி வேண்டாம். இரண்டு ஸ்பார்க் பிளக்கும் ஒரு பிளக் ஸ்பேனரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் உப்புக் காற்றைப் பற்றித்தான். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் காவி நிறத்தில் துரு படிந்திருந்தால், அங்கத்திய ரோட்டுக் குலுக்கலில் அது கிளம்பிவந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் அந்தக் கம்பி தளர்ந்துவிட்டது. ஒயர் கப்ளர்களைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும், துடைக்கச் சொல்லுங்கள். கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), வீல் பேரிங், செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் கேபிள் எல்லாவற்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலும் புதிதாக வேண்டும். அது ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. முதல் செலவு இங்கே.

டயர் மாற்றினால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1025 என்றால் 2025-ம் ஆண்டின் பத்தாவது வாரம் செய்தது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

லிஸ்டில் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை சரி. போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மேலே போட ஒரு மழைக்கோட்டு இருந்தால் குளிர்காற்றையும் தடுக்கும். அலுமினியப் பெட்டி வேண்டாம், துணிப் பை போதும். ராத்திரியில் அந்த ரோட்டில் ஓட்டவே கூடாது, அப்புறம் கூடுதல் லைட் எதற்கு? லிஸ்டில் இல்லாத ஒன்று, பெட்ரோலுக்கு ஒரு தகர கேன். மணாலி-லே வழியில் உள்ள ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற பலகை பிரபலம். அங்கே டேங்கை நிரப்பி, கேனில் ஐந்து லிட்டர் தனியாக வையுங்கள்.

டெல்லிவரை வண்டியை ரயிலில் ஏற்றினால் இன்ஜினுக்கும் இடுப்புக்கும் நல்லது. டேங்க் காலியாக இருக்க வேண்டும். ஆர்சி, அடையாள அட்டை நகல்கள் வேண்டும். புக் செய்யும்போது வண்டியின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான சிறு கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். அதை விட்டால், வண்டி சேதமானால் எடைக் கணக்கில் சொற்பத் தொகைதான் கிடைக்கும்.

"மணாலியில் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். வெளியூர் வாடகை வண்டிகளை லே பகுதியில் சுற்றிப்பார்க்க உள்ளூர்ச் சங்கங்கள் விடுவதில்லை. சொந்த வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நம் மாவட்டத்தில் ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான். அதனால் கிளம்பும் முன் மொத்தச் சுமையோடு ஒருமுறை கொடைக்கானல் போய், வத்தலக்குண்டு பக்கம் இரண்டாம் கியரில் இறங்கிப் பழகுங்கள். லடாக்கில் வெளிமாநில பிரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். போகும் வழியில் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு ராத்திரியாவது தங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து போகிறவருக்குத் தலைவலியோடு வாந்தியும் வந்தால், அதற்கு மேல் ஏறாமல் கீழே இறங்க வேண்டும்.

கேள்வி: பைக் ஜாக்கெட் வாங்கி இரண்டு வாரத்தில் ஜிப் பிய்ந்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.
– கீழக்கரை வாசகர்

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அளவு சரியில்லை என்பது வேறு கதை, அது கடைக்காரர் மனசு. ஜிப்பைப் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.