பெயர், முகவரி, பிறந்த தேதி போன்ற சொந்த விவரங்களை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்ல என்னென்ன சொற்களைக் கற்க வேண்டும்?

"ஆங்கிலம் படித்தால் புரிகிறது, ஆனால் போனில் யாராவது பெயர், முகவரி கேட்டால் வாயடைத்துப் போகிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கல்யாணம் முடிந்தோ வேலை கிடைத்தோ வெளிநாடு கிளம்பும் நேரத்தில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படிப் போனவள்தான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா, எல்கேஜி பிள்ளை சொல்லுமே" என்று சிலர் வருவார்கள். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வயதுவந்தவர்களுக்கான ஆங்கிலப் பாடத்திட்டத்தில், என்ட்ரி ஒன் என்னும் ஆரம்ப நிலையில், சொந்த விவரம் சொல்வதும் அதைப் படிவத்தில் எழுதுவதும் முறையான பாடமாகவே இருக்கிறது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், கேட்டு எழுதும் லிசனிங் பிரிவின் முதல் பகுதியிலும் பெரும்பாலும் இதுதான் வரும்: ஒருவர் பெயரை எழுத்தெழுத்தாகவும் போன் நம்பரையும் சொல்வார், நாம் கேட்டு நிரப்ப வேண்டும். பட்டம் வாங்கியவர்களே அதில் மார்க்கை விடுகிறார்கள். நான் பி.எஸ்ஸி. கணிதம், சங்கரன்கோவில் பக்கம். பள்ளி முழுக்கத் தமிழ் வழி. படிக்காதவள் என்பதால் திணறவில்லை, யாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்பதால் திணறினேன்.

2016 ஜனவரியில் நானும் மகளும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கணவர் ஆறு மாதம் முன்பே போயிருந்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது. போன மூன்றாவது வாரமே அவளுக்குக் காதுவலி. ராத்திரி முழுக்க அழுகை. கணவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். எட்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் செய்தால்தான் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரம் வரிசையில் காத்திருந்து லைன் கிடைத்தது.

"கேன் ஐ டேக் தி சர்நேம் ப்ளீஸ்?"

இங்கே நம் பெயர்க் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உண்மைப் பெயர்களைப் போட விருப்பமில்லை. என் பெயரில் ழ உண்டு, பூங்குழலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் முருகன், அவர் அப்பா சுப்பையா. ஊரில் எல்லாம் இனிஷியலோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், என்று ஒரு பெட்டி இருந்ததால், கணவருக்கு அவர் அப்பா பெயரும், எனக்குக் கணவர் பெயரும், மகளுக்கு அவள் அப்பா பெயரும் அதில் ஏறிவிட்டன. ஆக வெள்ளைக்காரர் கணக்கில் வீட்டுக்காரர் மிஸ்டர் சுப்பையா, நான் மிஸஸ் முருகன்.

சர்நேம் என்ற சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் "டேக்" என்று கேட்டதும், அவர் எதை எடுக்கப் போகிறார் என்று மனம் ஒரு நொடி நின்றுவிட்டது. அப்புறம் சுதாரித்து "முருகன்" என்றேன். எழுத்துகளைச் சொல்லச் சொன்னார். "எம், யூ, ஆர், யூ" என்று சொல்லும்போதே அவர் குறுக்கிட்டு "சாரி, ஆம் ஐ வாட்?" என்றார். சேர்த்துச் சொன்னால் அந்த நான்கு எழுத்தும் ஒரு கேள்வி மாதிரிக் கேட்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பச் சொன்னேன். "எம் ஃபார் மதர்?" என்று கேட்டார். என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து அம்மா பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. கடைசிவரை குரலை உயர்த்தவே இல்லை. "பேர் வித் மீ" என்று இரண்டு முறை சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தமாம். நான் இன்னும் ஏதோ பெயர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்து "ஃபர்ஸ்ட் லைன் ஆஃப் யுவர் அட்ரஸ்?" என்றார். முகவரியை அங்கே முழுதாகக் கேட்பதே இல்லை. வீட்டு எண்ணும் தெருவும்தான் அந்த முதல் வரி. அதோடு போஸ்ட்கோடு, நம் பின்கோடு மாதிரி. நான் ஊர்ப் பழக்கத்தில் வீட்டுக்காரர் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டு எண் 13. "தர்ட்டீன்" என்றுதான் சொன்னேன்.

எப்படியோ பத்தரை மணிக்கு நேரம் கிடைத்தது. போய் உட்கார்ந்தோம். ஒரு டாக்டர் வெளியே வந்து "முரூகன்?" என்று கூப்பிட்டார். இன்னொரு தமிழ்க் குடும்பமும் வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது என் நான்கு வயதுக் குழந்தையை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளோ காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் கிடக்கிறாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டு உள்ளே போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து நானே ரிசப்ஷனில் போய் நின்று, கடைசியில் பார்த்தார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அத்தோடு முடியவில்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். கடிதம் வரவே இல்லை. ஒருநாள் எதிர்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா அந்தக் கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினார். அங்கே தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறுபக்கம் இரட்டைப்படை. அவர் வீடு 30. நான் சொன்ன "தர்ட்டீன்" அங்கே "தர்ட்டி" ஆகப் பதிவாகியிருந்தது. கடைசி "ன்" வெளியே வர வேண்டும், அழுத்தமும் பின்பாதியில் விழ வேண்டும். நாம் முன்பாதியில் அழுத்துகிறோம்.

அந்த அம்மா குஜராத்திக்காரர். 1972இல் அதிபர் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தினாரே, அப்போது கம்பாலாவிலிருந்து வந்தவர். லெஸ்டர் நகராட்சி "இங்கே வராதீர்கள்" என்று உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் வந்து குடியேறினார்கள். அவரை நான் மாசி என்று கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் சித்தி. எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தது அவர்தான். ஊரில் பணம் கட்டிப் போன ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பன்னிரண்டு டென்ஸையும் ஒப்பிக்கச் சொன்னார்கள். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

மாசி சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். காகிதத்தில் ஒரு சொல் இருக்கும், வாயில் வேறு சொல் வரும். இரண்டையும் ஜோடியாகப் படிக்க வேண்டும். படிவத்தில் "ஆக்குபேஷன்" என்று இருக்கும், ஆள் கேட்கும்போது "வாட் டு யூ டூ?" என்பார். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதல்ல, என்ன வேலை பார்க்கிறாய் என்பது. "மேரிட்டல் ஸ்டேட்டஸ்" என்று யாரும் வாயால் கேட்க மாட்டார்கள், "ஆர் யூ மேரீட்?" என்பார்கள். "கான்டாக்ட் நம்பர்" வாயில் "வாட்ஸ் தி பெஸ்ட் நம்பர் ஃபார் யூ?" ஆகிவிடும். "நெக்ஸ்ட் ஆஃப் கின்" மட்டும் காகிதத்திலும் வாயிலும் அப்படியேதான். அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

நீங்கள் சொற்பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் எங்கும் கிடைக்கும். நீங்கள் பழக வேண்டியது அந்தச் சொல் காதில் விழும் உருவத்தை.

அடுத்தது எழுத்து. நம் ழவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து போடுகிறோம், அந்த இரண்டையுமே நாம் வேறு மாதிரி உச்சரிக்கிறோம். "இசட்" என்றால் பிரிட்டனில் புரியாது, "ஸெட்" என்று சொல்ல வேண்டும். அமெரிக்கா போனால் "ஸீ". நம் "ஹெச்" அங்கே "எய்ச்". பெயரில் ழ உள்ளவர்கள் இதை மட்டும் நூறு முறை சொல்லிப் பழகுங்கள். "ஸெட் ஃபார் ஸீப்ரா, எய்ச் ஃபார் ஹோட்டல்." விமானிகள் 1956இலிருந்து பயன்படுத்தும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையைச் சிலர் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தெரிந்தால் நல்லது. உங்கள் பெயருக்கும் தெருப் பெயருக்கும் போஸ்ட்கோடுக்கும் வேண்டிய எழுத்துகள் மட்டும் போதும் என்பது என் கருத்து. எண்களில், "தர்ட்டீன், ஒன் த்ரீ" என்று இரண்டாகச் சொல்லிவிடுங்கள். பூஜ்யத்தை அங்கே "ஓ" என்பார்கள். அவர்களுடைய மொபைல் எண் 11 இலக்கம், நம் பத்து இலக்கத்தை ஐந்தைந்தாகப் பிரிப்பது போல அதைப் பிரிக்க வராது. ஐந்து, மூன்று, மூன்று என்று சொல்லிப் பாருங்கள், சரியாக வரும்.

தேதியைச் சொல்லும்போது மாதத்தைப் பெயராகவே சொல்லுங்கள். பிரிட்டனில் நம்மைப் போல நாள் முதலில், அமெரிக்காவில் மாதம் முதலில். மாதப் பெயர் சொன்னால் அந்தக் குழப்பமே இல்லை. இனிஷியல் என்ற சொல்லும் அங்கே வேறு. வாடகை ஒப்பந்தத்தில் "இனிஷியல் ஈச் பேஜ்" என்று இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் பெயரின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடு என்று அர்த்தம்.

ஆக்குபேஷன் என்றதும் எனக்கு வேறொரு கோபம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் மூன்று வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தேன். மாதம் 4,500 ரூபாய். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி நின்றபோது, வருஷத்தின் நடுவில் நின்றாய் என்று சொல்லி அதைத் திருப்பித் தரவே இரண்டு மாதம் அலையவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் கடைசிவரை தரவில்லை. லெஸ்டர் போய் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கு எழுதிப்போட்டபோது, முன் அனுபவம் என்ற பெட்டிக்குக் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நூறு பிள்ளைகளுக்கு மேல் என்னிடம் கணக்குப் படித்தார்கள். அந்தப் பெட்டியில் "ஹவுஸ்வைஃப்" என்று எழுதும்போது கை நடுங்கியது. ஹவுஸ்வைஃப் என்பது தாழ்ந்தது என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். உண்மையாக நான் செய்த வேலையை எழுத முடியவில்லையே என்பதுதான் வலி. ஊரில் வேலை பார்ப்பவர்கள், நிற்கும் முன்பே அனுபவச் சான்றிதழை எழுதி வாங்கிவிடுங்கள்.

பெயருக்கு வருகிறேன். நம் பெயர்முறை தப்பு, எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவோம் என்று தீர்மானம் போட்டவர்கள் நம் ஆட்கள். பெயருக்குப் பின்னால் சாதி இல்லாமல் நிற்பதில் எனக்குப் பெருமைதான். அதை வெள்ளைக்கார கிளினிக்கில் புரியவைக்கவும் எனக்கு வார்த்தை வேண்டியிருந்தது. இப்போது ஒரே வாக்கியமாக வைத்திருக்கிறேன்: "வீ டோன்ட் யூஸ் ஃபேமிலி நேம்ஸ், முருகன் இஸ் மை ஹஸ்பண்ட்ஸ் ஃபர்ஸ்ட் நேம்." சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். பாங்கில் "மதர்ஸ் மெய்டன் நேம்" கேட்பார்கள், கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்கிருந்த சர்நேம். நம் அம்மாக்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் தாத்தா பெயரைக் கொடுத்து, அதையே எல்லா இடத்திலும் கொடுக்கிறேன்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் சர்நேம் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். நான் பாஸ்போர்ட் ஏஜென்ட் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் அம்மாக்கள், உங்கள் சர்நேமும் குழந்தை சர்நேமும் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் "வாட்ஸ் யுவர் ரிலேஷன்ஷிப் டு தி சைல்ட்?" என்று கேட்கக்கூடும். "ஐ அம் ஹர் மதர்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

மாசி எனக்கு ஒரு அட்டையில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். பெயர், எழுத்துகள், முதல் வரி, போஸ்ட்கோடு, மகளின் பிறந்த தேதி. மூன்று மாதம் அதைப் பார்த்துத்தான் பேசினேன், அப்புறம் தேவைப்படவில்லை. நீங்களும் இன்றைக்கே ஒன்று எழுதி, வீட்டில் யாரையாவது கிளினிக் ரிசப்ஷன் மாதிரி வேக வேகமாகக் கேட்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல், அடுத்த அறையிலிருந்து போனிலேயே கேட்கட்டும்.

உங்கள் பெயர் எந்தப் பெட்டியில் எப்படிப் போகும் என்று குழப்பம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.