கீசர் ஓடும்போது ரூம் ஹீட்டர் ஓயட்டும்: வேலூர் வட்டார வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்கழிக் குளிருக்கு முன் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். ஆனால் அவர் எதை, ஏன் செய்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏலகிரி மலையில் எங்கள் வீடு. ஒரே ஃபேஸ், 25 ஆம்பியர் மெயின் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்). காலையில் 2 கிலோவாட் கீசர், 2.5 கிலோவாட் ஆயில் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, 1 எச்.பி. மோட்டார் எல்லாம் ஓடினால் மெயின் விழுகிறது. 40 ஆம்பியர் எம்.சி.பி. போடலாமா?

கூடாது. எம்.சி.பி. காப்பது அதன் பின்னால் உள்ள ஒயரை. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் சுவருக்குள் ஒயர்தான் சுடும்.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் கீசர் 8.7 ஆம்பியர், ஹீட்டர் 10.9, 2 கிலோவாட் அடுப்பு 8.7, மோட்டார் சுமார் 7. மொத்தம் 35-ஐத் தாண்டுகிறது. 25 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாது, சூடேறிச் சற்று நேரம் கழித்தே விழும். ஆகவே கீசருக்கு முன்னுரிமை கொடுத்து, அது ஓடும் நேரம் மட்டும் ஹீட்டரை நிறுத்துவதே வழி. 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 2 கிலோவாட் கீசருக்கு அரை மணி போதும். ஆயில் ஹீட்டரில் எண்ணெய் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அந்த அரை மணி அறையில் பெரிதாகத் தெரியாது. (ஹாலஜன், ஃபேன் ஹீட்டர்களில் உடனே தெரியும்.)

இது தானாகவே நடக்கத் தேவையான பொருள்கள்: டி.பி. பெட்டியில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) பொருத்தும், ஒயரில் போகும் கரண்ட்டை உணரும் கரண்ட் சென்சிங் ரிலே ஒன்று, 230 வோல்ட் காயில் உள்ள 25 ஆம்பியர் இரண்டு போல் கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் இணைக்கும் பெரிய சுவிட்ச்) ஒன்று, காயில் சர்க்யூட்டுக்குத் தனியாக 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று. கீசருக்குப் போகும் ஃபேஸ் ஒயரை மட்டும் ரிலேயின் வளையம் வழியாக விடுங்கள். நியூட்ரலையும் சேர்த்து விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், ரிலே எதையும் உணராது. ரிலே இயங்கும் அளவை 5 ஆம்பியரில் வையுங்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி.யிலிருந்து வரும் ஃபேஸை ரிலேயின் என்.சி. முனை (ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும் முனை) வழியாகக் கான்டாக்டர் காயிலின் ஏ1 முனைக்கும், நியூட்ரலை ஏ2 முனைக்கும் கொடுங்கள். ஹீட்டர் பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் கான்டாக்டரின் போல்கள் வழியாகப் போகட்டும். கீசர் கரண்ட் இழுத்தால் ஹீட்டர் நிற்கும். கீசரின் தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் நிறுத்தும் கருவி) கட் ஆனதும் ஹீட்டர் தானே ஓடும்.

சிலர் செலவைக் குறைக்க ஹீட்டர் லோடையே ரிலேயின் சின்ன முனை வழியாக விடுவார்கள். அந்த முனை கான்டாக்டர் காயிலை இயக்கத்தான். 11 ஆம்பியர் தினமும் போனால் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, டச் பேனல் உள்ள ஹீட்டர்கள் கரண்ட் போய் வந்தால் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். திருகு குமிழ் உள்ளதே இதற்கு ஏற்றது. தானே திரும்ப ஓடும் ஹீட்டர் என்பதால், அதன் மேல் ஈரத்துணி காயப்போடும் பழக்கம் கட்டாயம் வேண்டாம்.

காட்பாடி. மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், அதன் டேங்க் உள்ளே 2 கிலோவாட் பேக்கப் மின் காயில். சோலார் போட்டும் கரண்ட் பில் குறையவே இல்லை.

பேக்கப் சுவிட்சை எப்போதும் ஆனில் வைத்திருப்பீர்கள். மாலையில் நீங்கள் வெந்நீர் எடுத்ததும் குளிர்ந்த நீர் டேங்கில் சேர்கிறது, தெர்மோஸ்டாட் பேக்கப்பை ஓட்டுகிறது. விடிவதற்குள் டேங்க் முழுக்கச் சூடு, அப்புறம் வெயிலுக்கு வேலையே இல்லை. 200 லிட்டரை 30-லிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 4.6 யூனிட் ஆகும். தினமும் அப்படி ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 280 யூனிட் அதிலேயே போய்விடும்.

பேட்டரி பேக்கப் உள்ள டிஜிட்டல் டைமர் ஒன்று போட்டு, அதிகாலை 4 முதல் 5.30 வரை மட்டும் பேக்கப்பை அனுமதியுங்கள். டைமர் கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் பேக்கப்பை இயக்கட்டும். தெர்மோஸ்டாட்டை 50-ல் வையுங்கள். முந்தைய நாள் நல்ல வெயில் என்றால் அது கட் ஆகியே இருக்கும், ஒரு யூனிட்கூட ஓடாது. பங்குனி முதல் ஆவணி வரை பேக்கப் எம்.சி.பி.யையே இறக்கிவிடலாம், வேலூர் வெயிலுக்கு அது தேவைப்படாது. மழை மூட்டம் பல நாள் தொடர்ந்தால் மட்டும் வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். வெதுவெதுப்பாகவே பல நாள் நிற்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

மேல்தொட்டி வறண்டு, சோலார் டேங்கில் நீர்மட்டம் பேக்கப் காயிலுக்குக் கீழே இறங்கினால் அந்தக் காயில் வெறுமனே சூடேறி வெடிக்கும். தண்ணீர் நாள் தள்ளி வரும் தெருக்களில் மேல்தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்து, அதைக் கான்டாக்டர் காயிலுக்கு சீரிஸில் கொடுத்துவிடுங்கள்.

குடியாத்தம். அரை மணியில் சுட்ட 25 லிட்டர் கீசருக்கு இப்போது முக்கால் மணி ஆகிறது. உப்புத் தண்ணீர்தான் காரணமா?

முதலில் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் நீரைச் சூடேற்றும் காயிலின் பவர் அதன் வர்க்க அளவில் குறையும். 190 வோல்ட்டில் 2 கிலோவாட் காயில் 1.37 கிலோவாட்தான் தரும். அரை மணி முக்கால் மணியாக நீள்வது சரியாக இந்தக் கணக்குதான். கீசர் ஓடும்போதே மீட்டரிலும் கீசர் முனையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே 190 என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். மீட்டரில் 225, கீசரில் 205 என்றால் இடையில் எங்கோ ஜாயின்ட் தளர்ந்து சூடாகிறது, அன்றே சரி செய்யுங்கள்.

உப்புப் படிந்தாலும் காயிலின் சூடு நீருக்குள்தான் போகிறது, அதனால் நேரம் இவ்வளவு கூடாது. காயில் தன் மேலுறைக்குள் அளவுக்கு மீறிச் சூடேறிச் சீக்கிரம் போகும் என்பதே உப்பால் வரும் கேடு. உள்ளே கடகடவென்று சத்தம், அடிக்கடி கட்-அவுட் (சூடு அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் காவல்) விழுவது ஆகியவை அதன் அறிகுறி. போர் தண்ணீர் வீடுகளில் வருடம் ஒருமுறை திறந்து, சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 50 கிராம் கலந்த வெந்நீரில் காயிலை ஊறவைத்துக் கழுவ வேண்டும். மெக்னீசியம் ஆனோடு (தொட்டிக்குப் பதில் தான் அரிக்கப்படும் கம்பி) பாதியாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கேஸ்கட்டைப் புதிதாகவே போடுங்கள். கட்-அவுட்டை மட்டும் யாரும் ஷார்ட் செய்ய விடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தொட்டி வெடிக்காமல் தடுக்கும் முக்கியமான காவல் அதுவும் பிரஷர் வால்வும்தான்.

சத்துவாச்சாரி. கீசர் சுவிட்சை அணைத்த பிறகும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. அப்படியானால் கீசரில் கோளாறு இல்லைதானே?

இருக்கலாம். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். காயிலின் நியூட்ரல் முனை எர்த்தோடு கசிந்தால், மற்ற லோடுகள் ஓடும்போதும் விழும். கீசரின் ஃபேஸ், நியூட்ரல் ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். விழுவது நின்றால் கீசர்தான். 2 கிலோவாட் காயிலின் இரு முனைக்கிடையே சுமார் 26 ஓம் காட்டுவது மட்டும் போதாது. 500 வோல்ட் மெக்கரில் (கசிவைச் சோதிக்கும் கருவி) முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் காயிலை மாற்றுங்கள். சுவிட்சையும் 20 ஆம்பியர் டபுள் போலாக மாற்றிவிடுங்கள்.

ராணிப்பேட்டை. கீசர் பிளக் பாயின்ட் இரண்டாவது முறை உருகிவிட்டது.

பிளக்கே வேண்டாம். டபுள் போல் சுவிட்சிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரை ஃபெரூல் (ஒயர் நுனியை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) அடித்து நேராகக் கொடுங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் என்றால் 4 ஸ்கொயர் எம்.எம்.

ஆற்காடு. கரண்ட் போனால் கீசரை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

முடியாது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து 2 கிலோவாட் எடுக்க 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கீசரின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலோடு கலக்காமல் தனியாக டி.பி. வரை வரட்டும், கலந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும்.