ஸ்டெம் செல் ஊசி போட்டால் தம்பி நடப்பானா?

கேள்வி: விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டதால் என் தம்பிக்கு (27) இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. ஒன்றரை வருடமாகிறது. அவனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) எடுத்து முதுகில் செலுத்தினால் நடந்துவிடுவான் என்கிறார்கள். பணம் புரட்டிக்கொண்டிருக்கிறோம். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். தண்டுவடக் காயத்தைக் குணமாக்கும் என்று நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் இல்லை.

மஜ்ஜையின் ஸ்டெம் செல்களுக்கு இரத்தம் உண்டாக்கத் தெரியும். இரத்தப் புற்றுநோயில் மஜ்ஜை மாற்று பலன் தருவது அதனால்தான். முதுகில் செலுத்திவிட்டால் அவை நரம்பாகிவிடுவதில்லை. அறுந்த நரம்பிழைகள் தழும்பைத் தாண்டி வளர்ந்து, பழைய இடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை யாராலும் இன்னும் செய்விக்க முடியவில்லை.

நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஆய்வகத்தில் மாற்றி உண்டாக்கும் ஸ்டெம் செல்) உருவாக்கிய நரம்புச் செல்களைத் தண்டுவடம் அடிபட்ட 4 பேருக்கு வைத்தார்கள். 2025-இல் முடிவைச் சொன்னார்கள். ஒருவர் எழுந்து நின்று நடைப்பயிற்சி தொடங்கினார். ஆனால் நால்வரும் அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்கள். அந்தக் கட்டத்தில் தானாகவே ஓரளவு தேறுபவர்களும் உண்டு. உங்கள் தம்பியின் நிலை வேறு.

ஊசியில் ஆபத்தும் உண்டு. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் இப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்தது 2016-இல் மருத்துவ இதழில் வெளியானது. கட்டியில் இருந்தவை வேறொருவருடைய செல்கள்!

'இது ஆராய்ச்சி' என்று சொன்னால், அந்த ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் கேளுங்கள். நேர்மையான ஆய்வில், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள்.

சரி, அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம்? நல்ல பிசியோதெரபிக்கு, உட்காரும் மெத்தைக்கு, சிறுநீர்ப் பராமரிப்புக்கு. தினமும் கண்ணாடி வைத்துப் பிட்டம், வால் எலும்பு, குதிகாலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது. சிறுநீரைக் குறித்த நேரத்தில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வைத்து வெளியேற்றத் தவறினால், நாளடைவில் சிறுநீரகம் கெடும்.

அப்புறம் ஒன்று. ஆசனவாயில் தொடுஉணர்வு இருக்கிறதா என்று தம்பிக்குப் பரிசோதித்தார்களா? இருந்தால் காயம் முழுமையானதல்ல. பயிற்சியில் இன்னும் கொஞ்சம் மீட்க இடமிருக்கலாம். மறுவாழ்வு மருத்துவரிடம் இதைக் கேட்டு, அவர் எழுதித் தருவதை எனக்கு அனுப்புங்கள்.