நான்கு பேர், நிற்காத கடிகாரம்: அட்வென்ச்சர் ரேஸ் கேள்வி–பதில்

பல நாள் நடக்கும் சர்வதேச அட்வென்ச்சர் ரேஸ்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மாரத்தான் தெரியும், டிரையத்லான் தெரியும். அவற்றையே இழுத்து நீட்டியதுதானா அட்வென்ச்சர் ரேஸ்?

பதில்: மாரத்தானில் பாதை போட்டு வைத்திருப்பார்கள், நீங்கள் ஓடினால் போதும். இதில் பாதை கிடையாது. கையில் வரைபடம் தருவார்கள். அதில் செக்பாயின்ட்கள், அதாவது கட்டாயம் தொட்டுப் போக வேண்டிய இடங்கள், குறித்திருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மலையைச் சுற்றிப் போவதா, ஏறி இறங்குவதா என்பது உங்கள் பாடு. மலைநடை, மௌன்டன் பைக், கயாக் என்ற துடுப்புப் படகு, சில இடங்களில் கயிற்றில் இறங்குவது என்று கட்டம் கட்டமாக மாறும். மொத்தத் தொலைவு பெரும்பாலும் 400 கிலோமீட்டரிலிருந்து 800 வரை. முன்னணி அணிகள் மூன்று, நான்கு நாளில் முடிக்கிற போட்டியைக் கடைசி அணிகள் முடிக்க ஒரு வாரம்கூட ஆகும். தொடக்கத்தில் ஓட விட்ட கடிகாரம் நடுவில் நிற்பதே இல்லை. நீங்கள் தூங்கும்போதும் அது ஓடும்.

1989-ல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழெரார் ஃப்யூசில் நியூசிலாந்தில் தொடங்கிய ரெய்ட் கோல்வாஸ்தான் இந்த வடிவத்துக்கு முன்னோடி. 1995-ல் அமெரிக்காவின் யூட்டாவில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் நடத்திய ஈகோ-சேலஞ்ச் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. இன்று அட்வென்ச்சர் ரேசிங் வேர்ல்ட் சீரிஸ் என்ற தொடரின் கீழ் பல நாடுகளில் போட்டிகள் நடக்கின்றன. உலக சாம்பியன்ஷிப் 2014-ல் ஈக்வடார், 2015-ல் பிரேசில், 2016-ல் ஆஸ்திரேலியா, 2019-ல் இலங்கை என்று ஊர் ஊராக மாறிவருகிறது.

அணிக்கு நான்கு பேர். நால்வரும் ஒரே பாலினமாக இருக்கக் கூடாது. நால்வரும் ஒருவருக்கொருவர் 100 மீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொடரின் விதி. வேகமாக ஓடுகிறவர் முன்னால் போய்க் காத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. நால்வரில் கடைசி ஆள் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம்.

கேள்வி: ஜி.பி.எஸ். வாட்ச் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. செல்போனை வாங்கி உறையிலிட்டு முத்திரை வைத்துத் தருவார்கள். ஆபத்தில் மட்டுமே பிரிக்கலாம், பிரித்தால் அநேகமாகப் போட்டி அதோடு முடிந்தது. உங்கள் பையில் இருக்கும் டிராக்கர் நீங்கள் இருக்கும் இடத்தை அமைப்பாளர்களுக்குச் சொல்லுமே தவிர உங்களுக்குச் சொல்லாது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவியும், சக்கரச் சுற்றை எண்ணும் சைக்கிள் மீட்டரும் பல போட்டிகளில் செல்லும். இரண்டும் பெரிய உதவி, விதிப் புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பகலில் வரைபடம் பார்த்துச் சரியாகப் போகிறோம். இருட்டினால் வழி தவறுகிறோம். எங்கே பிழை?

பதில்: பகலில் நீங்கள் வரைபடத்தை மட்டும் பார்த்துப் போகவில்லை. எதிரே தெரியும் மலையையும் பார்த்துத்தான் போகிறீர்கள். இரவில் மலை மறைந்துவிடும், தலைவிளக்கு காட்டும் முப்பது, நாற்பது மீட்டர்தான் உலகம். பகலில் கண் சரிசெய்துகொண்ட சின்னச் சின்னப் பிழைகள் இரவில் அப்படியே நின்றுவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. 1:50,000 அளவு வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். பாதை பிரியும் இடத்திலிருந்து 1.2 கிலோமீட்டரில், இரண்டு ஓடைகள் சேருமிடத்தில் செக்பாயின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காம்பஸில் 10 டிகிரி பிசகினால், போய்ச் சேரும்போது 200 மீட்டர் விலகியிருப்பீர்கள். இரவில் அது கண்ணுக்கே எட்டாது. அதனால் ஓடைகள் சேருமிடத்தைக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் இடப்பக்கம் குறிவைத்து நடந்து, ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்புங்கள். நேராகக் குறிவைத்துத் தவறியவருக்கு ஓடை கிடைத்தாலும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

புறப்படும் முன் வழிகாட்டுபவர் நான்கு விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: திசை, தூரம், ஏறுமுகமா இறங்குமுகமா, கடந்து போய்விட்டால் எதைப் பார்ப்போம் என்பது. 'நாற்பது டிகிரி, ஆயிரத்து இருநூறு மீட்டர், முழுக்க இறக்கம், ஏற ஆரம்பித்தால் தாண்டிவிட்டோம்.' இவ்வளவு போதும். தூரத்தை அளக்க இன்னொருவர் அடி எண்ணட்டும். சமதரையில் 100 மீட்டருக்குப் பலருக்கும் 60 முதல் 65 இரட்டை அடி வரும், ஏற்றத்திலும் புதரிலும் எண்ணிக்கை கூடும். உங்கள் கணக்கை முதுகில் பாரத்தோடு, இரவில், முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பஸையும் சந்தேகியுங்கள். மார்புப் பட்டையில் செருகிய பேட்டரி, இரும்பு கராபினர் (கொக்கி வளையம்), சைக்கிளின் இரும்புப் பாகங்கள் எல்லாமே முள்ளை இழுக்கும். வட அரைக்கோளத்துக்குச் சமன்செய்த காம்பஸின் முள் தென் அரைக்கோளத்தில் ஒரு பக்கம் சாய்ந்து உரசும். உலகெங்கும் வேலை செய்யும் முள் உள்ளதாக வாங்குங்கள். வரைபடத்தின் வடக்குக்கும் காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பது அடுத்த பிழை. நியூசிலாந்தில் அது 20 டிகிரியைத் தாண்டும் இடங்கள் உண்டு. கழிக்க மறந்தால் கிலோமீட்டருக்கு 350 மீட்டர் விலகல்.

இத்தனைக்கும் மேல், வழி தவறிய பிறகு செய்கிற தவறுதான் மணிக்கணக்கில் தின்னும். 'இந்த வளைவுதான் அந்த வளைவாக இருக்கும்' என்று கண்முன் உள்ள நிலத்தை வரைபடத்துக்குள் திணிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் நின்றுவிடுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். கால் மணி நேரம் போகும். திரும்பாமல் போன அணிகள் விடியும் வரை சுற்றியிருக்கின்றன. பழைய வரைபடமாக இருந்தால் மண்பாதைகளை நம்ப வேண்டாம். மரம் வெட்டுகிறவர்கள் புதிதாகப் போட்டிருப்பார்கள், பழையது மூடியிருக்கும். மேடும் பள்ளமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கேள்வி: எங்கள் அணியில் ஒருவர் மற்றவர்களைவிட மெதுவாக நடக்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் அவர் பையைக் காலி செய்யுங்கள். கூடாரம், கயிறு, மருந்துப் பெட்டி மற்ற மூவருக்கும் போகட்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் கட்டி இழுங்கள். முன்னணி அணிகளில் இது அன்றாடம் நடப்பது, யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

இழுக்க ரப்பர் இழைக் கயிறு வேண்டும். சாதாரணக் கயிறு ஒவ்வொரு அடிக்கும் வெடுக்கென்று இழுத்து இருவர் இடுப்பையும் கெடுக்கும். இரண்டு மீட்டர் அளவில் எடுத்து, ஒரு முனையை இழுப்பவர் பையின் அடியில் கட்டி, மறுமுனையை இழுபடுபவரின் இடுப்புப் பட்டையில் சின்ன கராபினரால் மாட்டுங்கள். ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும். சைக்கிளுக்கு, நாய்க்குக் கட்டும் சுருளும் பட்டையை முன்னவர் சீட்டின் கீழே பொருத்தி, அதன் வளையத்தைப் பின்னவரின் கைப்பிடித் தண்டில் முடிச்சில்லாமல் போட்டுக்கொள்வார்கள். சமதரையிலும் ஏற்றத்திலும் மட்டும். இறக்கத்தில் கழற்றிவிடுங்கள்.

முதல் நாள் மெதுவாக வருகிறவர் மூன்றாம் நாளும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இழுபடப் போவது, முதல் நாள் முன்னால் பாய்ந்தவராகவே இருக்கலாம்.

கேள்வி: தூங்கவே மாட்டார்களா?

பதில்: தூங்குவார்கள், கஞ்சத்தனமாக. முதல் இரவைப் பல அணிகள் தூங்காமலே கடத்தும். பிறகு இரவுக்கு ஒன்றரை முதல் மூன்று மணி நேரம். புதிய அணிகளுக்கு நாம் சொல்வது மூன்று. தூங்காமல் மிச்சம் பிடித்த நேரத்தை, தவறான பள்ளத்தாக்கில் இறங்கி இரட்டிப்பாகத் தொலைப்பதுதான் வழக்கம்.

எப்போது என்றால், பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள். அப்போது உடல் சூடு குறைந்து மூளை மந்தமாகும், நடந்தாலும் தூரம் போகாது. ஆற்றில் இருட்டிய பிறகு படகு விடத் தடை இருந்தால் தூக்கத்தை அந்த நேரத்துக்கு வைப்பது இரட்டை லாபம். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் பொருள் மாற்றும் இடத்தில் (மாற்றுமிடம்) படுக்காதீர்கள். இரவு முழுக்க விளக்கும் பேச்சும் ஓயாது. அரைக் கிலோமீட்டர் தள்ளிப் படுங்கள்.

படுக்கும் முன் கனத்த சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகு தேடினால் தூக்கம் போச்சு. இரண்டு அலாரம், இரண்டு பேர் காதருகே. ஒன்று அடித்தால் யாருக்கும் கேட்காது. எழுந்த உடனே வரைபடத்தை எடுத்து முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடம் தெரிந்த பாதையில் நடந்த பிறகு செய்யுங்கள்.

கல்லெல்லாம் ஆளாகத் தெரிவது மூன்றாம் இரவில் சகஜம். சிரித்துவிட்டு நடக்கலாம். ஆனால் சைக்கிள் கோடு மாறி அலைவது, கேட்ட கேள்வியையே கேட்பது இரண்டும் வேறு. யாருக்காவது இவை வந்தால் அடுத்த இறக்கத்துக்கு முன் இருபது நிமிடமாவது எல்லோரும் படுக்க வேண்டும். ஒரு நொடி கண் சொருகினாலும் இறக்கத்தில் ஆள் கீழே.

கேள்வி: கால் கொப்புளம்?

பதில்: போட்டியிலிருந்து அணிகளை வெளியே அனுப்புவதில் பாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாள் போகப் போகப் பாதம் வீங்கும், அதனால் ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும். தண்ணீர் புகாத ஷூ வேண்டாம். மேலே வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. நகத்தைப் போட்டிக்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். ஷூவுக்குள் மணல் போனதும் பாதத்தில் சூடு பிடித்ததும் தெரிந்த கணமே நின்று, காலைத் துடைத்து, முனை உருட்டி வெட்டிய டேப்பை ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. 'அடுத்த செக்பாயின்டில் பார்க்கலாம்' என்றால் அங்கே பார்க்கப் போவது உரிந்த தோல்.

நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, முள்ளில் நடப்பதுபோல வலிக்கும். அதற்கு ஒரே மருந்து காற்று. தூங்கும்போது ஷூவைக் கழற்றி, காய்ந்த சாக்ஸோடு படுங்கள். அந்த ஒரு ஜோடி சாக்ஸ் பையிலேயே நீர்ப்புகா உறையில் இருக்க வேண்டும். அதை எக்காரணத்துக்கும் பகலில் போடக் கூடாது.

கேள்வி: எவ்வளவு சாப்பாடு கொண்டுபோவது?

பதில்: மணிக்கு 250 கலோரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது மணி நேரக் கட்டத்துக்கு 5,000. கிராமுக்கு 4.5 கலோரி தரும் கலவையாக இருந்தால் ஆளுக்கு 1.1 கிலோ. செலவாவது இதைவிட அதிகம்தான், ஆனால் அதற்கு மேல் வயிறு வாங்காது. பாதி இனிப்பு, பாதி உப்பு. எல்லாமே இனிப்பாக எடுத்துப்போனவர்களுக்கு இரண்டாம் நாள் வாய் புண்ணாகி, அப்புறம் பார்த்தாலே குமட்டும். கடலை, சீஸ், சிப்ஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு காப்பாற்றும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். கட்டாயமாகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து மேலும் குடிக்க வைப்பது ஆபத்து.

ஆற்றுத் தண்ணீர் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். வடிகட்டியோ மாத்திரையோ இல்லாமல் குடிக்க வேண்டாம். ஆனால் கிருமி குடித்தால்தான் வரும் என்றில்லை. 2000-ல் போர்னியோவின் சபாவில் நடந்த ஈகோ-சேலஞ்சில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதற்கும் அதற்கும் தொடர்பு இருந்தது. வெப்பமண்டல ஆறு உள்ள போட்டி என்றால் முன்தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஊர் திரும்பி மூன்று, நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'ஆற்றில் நீந்தினேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டி கட்டுவதில் என்ன குழப்பம் வரும்?

பதில்: சைக்கிளையும் மற்றப் பொருள்களையும் போட்டு நீங்கள் ஒப்படைக்கும் பெட்டிகளை அமைப்பாளர்கள்தான் மாற்றுமிடங்களுக்குக் கொண்டுவருவார்கள், ஆனால் எல்லாப் பெட்டியும் எல்லா இடத்துக்கும் வராது. எந்தப் பெட்டி எந்த மாற்றுமிடத்துக்கு வரும் என்று ஒரு தாள் தருவார்கள். பேட்டரி ஒரு பெட்டியிலும் அது வேண்டிய இடம் வேறிடத்திலுமாக மாட்டிக்கொள்கிறவர்கள் அந்தத் தாளை வேகமாகப் படித்தவர்கள். கட்டத்துக்கு ஒரு பையாகப் பிரித்து, கட்ட எண்ணைப் பையின் மேலே பெரிதாக எழுதுங்கள். எடை வரம்புக்கு இரண்டு, மூன்று கிலோ கீழேயே வையுங்கள். நனைந்த துணி திரும்ப உள்ளே போகும்போது கனக்கும்.

சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போடுவதை வீட்டில் பத்து முறை பழகுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். பின்னிரவில் அதை மறந்து இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது லிவரை அழுத்தி, கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது. பின் டிரெய்லியர் (கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் கருவி) தொங்கும் சின்ன உலோகத் துண்டு பெட்டியில் இடிபட்டு வளையும். அது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு, அடுத்த அணியிடம் கடன் வாங்க முடியாது. ஆளுக்கொன்று உபரி வையுங்கள்.

கேள்வி: முதல் முறையே நேராகப் பல நாள் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு முன் அதே நால்வரும் ஒரு 24 மணி நேரப் போட்டியாவது முடித்திருக்க வேண்டும். இரவில் கயாக் தள்ளியிருக்க வேண்டும், மழையில் ஒரு முறை வழி தவறியிருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் கெடு நேரத்துக்குள் வராத அணியைச் சுருக்குப் பாதையில் திருப்பிவிடுவார்கள். கோட்டைத் தொடலாம், தரவரிசையில் முழுப் பாதை முடித்தவர்களுக்குக் கீழே இருப்பீர்கள். கெடு எந்த மாற்றுமிடத்தில், எத்தனை மணிக்கு என்பதைப் போட்டி தொடங்குமுன் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். நடுவில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.